பத்திரமாக இருந்த கார்டு

தோஹாவில் ஒரு ஃபிளாட். ஃபிளாட்டில் ஒரு துணி அலமாரி. அலமாரியின் மேல்தட்டில் ஒரு ஜிப் பை. அந்தப் பைக்குள் நாலு பேர் குடியிருந்தார்கள். முன்னொரு காலத்துக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். போன வருஷம் நடந்ததுதான்.

நாலு பேரில் பெரிய மனுஷன் கிரீன் கார்டு. ஆள் என்னவோ உள்ளங்கை அகலம்தான். ஆனால் அது பேசுகிற பேச்சு இருக்கிறதே, அப்பப்பா! அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்கலாம் என்று அதன் நெற்றியில் எழுதியிருந்தது. பத்து வருஷத்துக்குத் தேதியும் போட்டிருந்தது, அதில் பாதிக்கு மேல் இன்னும் பாக்கி. கீறல் விழக்கூடாது என்று ஒரு பிளாஸ்டிக் உறை வேறு. கேட்கணுமா?

இரண்டாவது ஆள் இந்திய பாஸ்போர்ட். முத்திரை வாங்கி வாங்கி உள்பக்கமெல்லாம் நிரம்பிப் போனவள். உலகம் சுற்றியவள், அதனால் வாய் கொஞ்சம் நீளம். மூன்றாவது ஆள் ஒரு சாவி. நியூஜெர்சியில் ஒரு வீட்டு வாசல் கதவுடையது. அது எப்போதாவதுதான் பேசும். நாலாவது ஆள் நாலாக மடித்த ஒரு காகிதம். “கோமதி என்பவருக்காக நீங்கள் போட்ட மனு எங்களுக்குக் கிடைத்தது, முறை வரும்வரை காத்திருக்கவும்” என்று அதில் அச்சடித்திருந்தது. பைக்குள் அதன் பெயர் மனு. பயந்த சுபாவம். எந்நேரமும் கார்டின் முதுகில் ஒட்டிக்கொண்டே கிடக்கும்.

இவர்கள் எல்லோருக்கும் சொந்தக்காரர் குற்றாலநாதன். தென்காசிக்காரர், பாலங்களுக்கு வரைபடம் போடும் இன்ஜினியர். நியூஜெர்சியில் ஒன்பது வருஷம் காத்துக் கிடந்து இந்தக் கார்டை வாங்கினார். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, தோஹாவில் ஒரு பாலம் கட்டும் வேலை வந்தது. “ரெண்டே வருஷம், முடிச்சிட்டு ஓடி வந்திடுறேன்” என்று நண்பர் பிரான்சிஸிடம் சொல்லிவிட்டுப் போனார். ஒரு பாலம் இரண்டு பாலமானது, இரண்டு வருஷம் நாலு வருஷமானது. நடுவில் கோமதியைக் கல்யாணம் பண்ணினார். அவள் தோஹாவிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

கோமதியை அமெரிக்காவுக்கு அழைத்துப்போக நாதன் மனுப் போட்டார். அதில் ஒரே ஒரு நிபந்தனை. அவள் முறை வரும்வரை நாதன் அந்த ஊர் நிரந்தரவாசியாகவே இருக்க வேண்டும். கார்டு போனால் மனுவும் போயிற்று. இதைப் பைக்குள் நாலு பேரும் அறிவார்கள்.

“அண்ணே, உங்களுக்கு ஒண்ணும் ஆயிடாதே?” என்று மனு வாரம் ஒரு தடவையாவது கேட்கும்.

“எனக்கா? என் நெத்தியைப் படி. என்ன போட்டிருக்கு?”

“நிரந்தரம்னு போட்டிருக்கு அண்ணே.”

“அப்புறம் என்ன? நான் இருக்கேன்ல, நீ நிம்மதியா தூங்கு” என்று கார்டு உறைக்குள் நெளிந்து படுத்துக்கொள்ளும்.

பாஸ்போர்ட்டுக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். “ஆமா, இவர் எழுதி வச்சிட்டா ஆச்சு! ஏய், நீ நாலு வருஷத்துல அந்த ஊர்ல எத்தனை நாள் இருந்திருப்பே?”

“ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தவறாம போயிட்டு வர்றோம்ல? மண்ணை மிதிச்சிட்டு வந்தா போதும்னு தாவூத் பாய் சொன்னதை நீ கேக்கலையா?”

தாவூத் பாய் நாதனின் ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர். அவருடைய சின்னம்மா மகனுக்கு யாரோ சொன்னதாம். இந்த மாதிரி சட்டம் எல்லாம் ஆபீஸ் கேன்டீனில் டீயோடு சேர்ந்து இலவசமாகக் கிடைக்கும். நாதன் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். ஆறு மாசம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது பெட்டியைத் தூக்குவார். போய் ஒன்பது நாள் பிரான்சிஸ் வீட்டு பேஸ்மென்டில் படுப்பார். ஒரு கடையில் மசால் தோசை, ஒரு கடையில் கோமதி எழுதிக்கொடுத்த சாமான். ஒன்பதாம் நாள் பிளேன் ஏறிவிடுவார். தொட்டுவிட்டு ஓடி வருகிற விளையாட்டுதான்.

“நம்ம ஆளு போய்ப் பார்த்த வக்கீலம்மா என்ன சொன்னாங்க? அதையும் சொல்லேன்” என்று பாஸ்போர்ட் விடமாட்டாள். “வெளிநாட்டுல ரொம்ப நாள் இருக்கணும்னா, அந்த ஊர்ல இருக்கும்போதே மறுபடி நுழையிறதுக்கு அனுமதி எழுதி வாங்குங்க, வீடு வாசல்னு ஏதாவது வச்சுக்கோங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. கைரேகை வைக்க நாலு வாரம் கழிச்சு கூப்பிடுவாங்களாம். நம்ம ஆளு இருக்கிறதே ஒன்பது நாள். அடுத்த தடவை, அடுத்த தடவைன்னு தள்ளிப் போட்டாச்சு.”

“அதெல்லாம் கார்டு இல்லாதவங்களுக்கு” என்றது கார்டு. சுத்தப் பொய். ஆனால் அதற்கே அது பொய் என்று தெரியாது, பாவம்.

“வீட்டுக்குச் சாவி இருக்கே! சாவி, நீ சொல்லேன்” என்று சாவியையும் இழுத்தது.

சாவி பையின் மூலைக்குப் புரண்டுகொண்டது.

மார்ச் மாசம் வந்தது. கோமதி டிக்கெட்டை அச்சடித்துப் பைக்குள் வைத்தாள். போனில் இருப்பதை நாதன் நம்பமாட்டார், எல்லாம் காகிதத்தில் வேண்டும். புதிதாக உள்ளே வந்த டிக்கெட் ஒரு ஓட்டைவாய். “வணக்கம், வணக்கம்! தோஹாவில ஏறுறோம், அங்க இறங்குறோம், ஒன்பது நாள் கழிச்சு ஏறுறோம், தோஹாவுக்கு வந்து சேர்றோம்!” என்று வந்த வேகத்தில் ஒப்பித்தது.

“கொஞ்சம் மெதுவா பேசு. ஊருக்கே கேக்கும்” என்றாள் பாஸ்போர்ட்.

அமெரிக்காவில் இறங்கியதும் விமான நிலையத்தில் நிரந்தரவாசிகள் வரிசையில் நாதன் நின்றார். கார்டுக்கு இந்த வரிசை என்றால் உயிர். பையிலிருந்து வெளியே வருவதே வருஷத்துக்கு இரண்டு நாள், அதில் இது ஒரு நாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேஜைமேல் ஏறியது.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரியம்மா நடுத்தர வயது. கார்டை ஒரு தடவை புரட்டிப் பார்த்தாள். பிறகு சாதாரணமாக, காய்கறிக்காரரிடம் கேட்பதுபோல, “எத்தனை நாள் இருப்பீங்க?” என்று கேட்டாள்.

“ஒன்பது நாள்” என்றார் நாதன் சட்டென்று. நேர்மையான மனுஷன். வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டார்.

அதிகாரியம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். “ஒன்பது நாள் இருந்துட்டுப் போறவங்க வரிசை அந்தப் பக்கம்” என்றாள். எழுந்து வந்து அவரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனாள்.

அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. “பையில் இருக்கிறதை எல்லாம் எடுத்து வையுங்க” என்றாள். ஐந்து பேரும் வரிசையாக மேஜைமேல் வந்து உட்கார்ந்தார்கள். இந்த அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆளை விசாரிப்பதைவிட ஆளோடு வந்த பொருள்களைத்தான் அதிகம் விசாரிப்பாள். ஆள்கள் யோசித்துப் பேசுவார்கள், பொருள்களுக்கு அது தெரியாது.

முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துப் புரட்டினாள். பாஸ்போர்ட் எதையும் மறைக்கிற ஜாதி இல்லை. நாலு வருஷ முத்திரைகளும் வரிசையாக எழுந்து நின்றன. வந்தது ஒன்பது நாள், போனது ஆறு மாசம். வந்தது ஒன்பது நாள், போனது ஆறு மாசம்.

“என்னை மன்னிச்சிடு” என்று பாஸ்போர்ட் கார்டைப் பார்த்து முணுமுணுத்தாள். “பட்ட முத்திரையை நான் எங்க ஒளிக்கிறது?”

அடுத்து டிக்கெட். அதைத் தொடவே தேவையில்லை. “தோஹாவில ஏறுறோம், தோஹாவுக்கே வந்து சேர்றோம்!” என்று தானாகவே உற்சாகமாக ஒப்பித்துவிட்டது. பாஸ்போர்ட்டுக்கு அதன் வாயிலேயே ஒன்று போடலாமா என்று வந்தது.

அதிகாரியம்மா சாவியை எடுத்தாள். “இது?”

“என் வீட்டுச் சாவி. நண்பர் வீடு, அங்கேதான் தங்குவேன். தபால்கூட அங்கேதான் வரும்” என்றார் நாதன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

கார்டுக்கு மூச்சு வந்தது. “சொல்லு சாவி! கதவு இருக்குன்னு சொல்லு! நீ ஒரு வார்த்தை சொன்னா போதும், எல்லாம் சரியாயிடும்.”

சாவி குனிந்தே கிடந்தது. பிறகு மெல்லச் சொன்னது. “கதவு இருக்கு. நான் அதுக்குள்ள போகமாட்டேன்.”

“என்ன உளர்றே?”

“போன தடவை நீங்க எல்லாம் கார்ல இருந்தீங்க. நாதன் என்னை மட்டும் கையில எடுத்துக்கிட்டு வாசப்படி ஏறினார். பிரான்சிஸ் அதுக்கு முன்னாடியே வீட்டை வித்துட்டு டெக்சாஸ் போயாச்சு. நாதனுக்கும் தெரியும். தெரிஞ்சும் பழக்கத்துல என்னைப் பூட்டுல வச்சார். நுழையலை. பூட்டை மாத்திட்டாங்க. உள்ளேயிருந்து முன்னப்பின்ன தெரியாத ஒரு அம்மா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாங்க. நாதன் திருடனைப்போல ஓடி வந்து கார்ல ஏறினார். அந்த ஒன்பது நாளும் ஹோட்டல்ல படுத்துக்கிட்டோம். உங்க எல்லார்கிட்டயும் சொல்ல எனக்கு வெக்கமா இருந்தது.”

நாதனுக்கு முகம் சிவந்து, காது சிவந்து, கடைசியில் அவரே வாயைத் திறந்தார். “அந்த வீடு இப்போ இல்லை மேடம். வித்துட்டாங்க.”

அதிகாரியம்மா தலையை ஆட்டினாள். கோபம் எல்லாம் இல்லை. கடைசியாக நாலாக மடித்த மனுவை எடுத்துப் பிரித்தாள். பிரித்த விரலுக்குக் கீழே மனு வெடவெடவென்று நடுங்கியது.

“கோமதி யாரு?”

“என் மனைவி.”

“எங்கே இருக்காங்க?”

“தோஹாவில.”

“மனைவி அங்கே. வேலை அங்கே. டிக்கெட் அங்கே போகுது. இங்கே என்ன இருக்கு உங்களுக்கு?”

நாதன் மேஜைமேல் இருந்த ஐந்து பேரையும் ஒரு தடவை பார்த்தார். அதைப் பார்க்கக் கார்டுக்குப் பொறுக்கவில்லை. உறையைக் கிழித்துக்கொண்டு வருவதுபோலக் கத்தியது. “நான் இருக்கேனே! நான் இங்கேதானே இருக்கேன்! நிரந்தரம்னு போட்டிருக்கே, பாருங்கம்மா!”

அதிகாரியம்மா கார்டைக் கையில் எடுத்தாள். காதில் விழுந்ததோ என்னவோ, அதைத் திருப்பி நாதன் பக்கம் காட்டினாள்.

“இது இருக்கு. நீங்க இருக்கீங்களா?”

கார்டு தன் நெற்றியைத் தானே ஒரு தடவை படித்துப் பார்த்தது. முதல் தடவையாக அதற்குச் சந்தேகம் வந்தது.

அதிகாரியம்மா ஒரு படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “நானாகவே இந்த அந்தஸ்தை விட்டுக்கொடுக்கிறேன்னு இதில் கையெழுத்துப் போடலாம். கட்டாயம் ஒண்ணும் இல்லை. போடமாட்டேன்னா, நீதிபதி முன்னாடி உங்க நியாயத்தைச் சொல்லலாம். அதுவும் இல்லேன்னா இன்னொண்ணு இருக்கு. இங்கேதான் இருக்கப் போறேன்னு நிஜமாகவே சொல்லுங்க, இன்னைக்கு நான் உங்களை உள்ளே விடுறேன். ஆனா ஒன்பதாம் நாள் அந்தப் பிளேனில் ஏறினீங்கன்னா, மறுபடி இந்தக் கார்டை எடுத்துக்கிட்டு வராதீங்க.”

“வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?” என்றார் நாதன்.

அவள் சரி என்றாள். நாதன் போனை எடுத்தார். தோஹாவில் கோமதி அப்போது பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். நாதன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். வீட்டை விற்றது முதற்கொண்டு சொன்னார். அது அவளுக்கே புதுச் செய்தி.

“பூட்டு மாத்தினதை ஏன் என்கிட்ட சொல்லலை?” என்று கேட்டாள் கோமதி.

“நீ பயந்துடுவேன்னு…”

“நல்லா பயந்தேன் போங்க.” அவள் பேனாவை மூடி வைத்தாள். “இங்க உங்க வேலையை என்ன பண்றது?”

“மெயில்ல எழுதி விட்டுடலாம். பழைய ஆபீஸ்ல கேட்டா சின்ன வேலையாவது குடுப்பாங்க. ஆனா உன் முறை வர இன்னும் எத்தனை நாள் ஆகுமோ தெரியாது கோமதி. ஒரு வருஷமோ, ரெண்டு வருஷமோ. நான் வந்துடுறேனே. கார்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். இங்கேயே கையெழுத்தைப் போட்டுட்டு வந்துடுறேன்.”

மேஜைமேல் மனு கண்ணை மூடிக்கொண்டது.

“ஏங்க,” என்றாள் கோமதி. கிளாசில் பேசுகிற டீச்சர் குரல்தான். “நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. வராதீங்க.”

“கோமதி…”

“வராதீங்கன்னா வராதீங்க. இங்க இருந்துக்கிட்டு அங்க இருக்கோம்னு நாம ரெண்டு பேரும் நாலு வருஷம் நம்பியாச்சு. போதும். போய் ஒரு ரூம் பாருங்க. ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போனீங்களா?”

“இல்லை. ஒன்பது நாளைக்கு எதுக்குன்னு…”

“ஒண்ணு வாங்குங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். வைத்த பிறகு அழுதிருப்பாள். நாதன் இங்கே அழுதார். அதிகாரியம்மா எழுந்துபோய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

ஒன்பதாம் நாள் பிளேன் கிளம்பியது. ஜன்னலோரம் ஒரு இருக்கை காலி. ஓட்டைவாய் டிக்கெட்டைக் குப்பைக்கூடையில் போட்டபோதும், “தோஹாவுக்கே வந்து சேர்றோம்” என்று அது பாதி வாக்கியம் சொல்லிக்கொண்டேதான் போனது.

நாதன் பழைய ஆபீசில் போய் நின்றார். முன்பு இருந்ததைவிட ஒரு படி கீழான வேலை கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். ஒரு படுக்கையறை வீடு ஒன்றை எடுத்தார். ஜிப் பை காலியானது. பாஸ்போர்ட் மேஜை இழுப்பறைக்குள் காலை நீட்டிப் படுத்தாள், அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. மனு அவள் பக்கத்தில். கார்டை மட்டும் நாதன் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

பர்ஸ் வாழ்க்கை இருக்கிறதே, அது சிம்மாசனம் இல்லை. நூலக அட்டை ஒரு பக்கம் இடித்தது, பஸ் பாஸ் மறுபக்கம் இடித்தது. உட்கார்ந்தால் வளைந்தது, எழுந்தால் நிமிர்ந்தது. முதல் குளிர்காலம் முடிவதற்குள் உறை கிழிந்து போயிற்று. நிரந்தரம் என்று எழுதியிருந்த இடத்தில் குறுக்கே ஒரு கீறல். கார்டு அதைப் பற்றி யாரிடமும் புகார் சொல்லவில்லை.

பழைய சாவியை நாதன் தூக்கி எறியவில்லை. புது வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். அதேபோல இன்னொரு சாவி வெட்டித் தரச் சொன்னார். வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி அடித்து அந்த இரண்டாவது சாவியைக் கோமதிக்கென்று மாட்டினார். பழைய சாவியும் துணைக்கு அதே ஆணியில் தொங்கியது. தினம் வேலை முடிந்து வந்ததும் பர்ஸை அந்த ஆணிக்குக் கீழே இருந்த பலகையில் வைப்பார், போனை எடுத்துக் கோமதியைக் கூப்பிடுவார். இன்று என்ன சமைத்தாய், முறை எதுவரைக்கும் வந்திருக்கிறது, ஸ்வெட்டர் போட்டிருக்கிறீர்களா என்று பேச்சு ஓடும். சில நாள் பேச்சு ஓடாது. இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். பிரிவு என்பது சாதாரண விஷயமா?

அப்படி ஒரு சும்மா இருந்த நாளில், கார்டு தலையைத் தூக்கி ஆணியைப் பார்த்தது. பழைய சாவியின் பக்கத்தில் புதுச் சாவி பளபளவென்று தொங்கியது. ஒரு கீறல் இல்லை. கார்டுக்குத் தன் பழைய நாள் ஞாபகம் வந்தது.

“நீ வந்து ஒரு வருஷம் ஆகப்போகுது. இன்னும் ஒரு கதவைக்கூட திறக்கலை. உன் பக்கத்துல ஒருத்தன் இருக்கானே, அவனும் கடைசி ஆறு மாசம் இப்படித்தான் எந்தக் கதவும் திறக்காம கூடவே வந்தான். கடைசியில எங்க எல்லாரையும் தலைகுனிய வச்சிட்டான். உனக்குப் பயமா இல்லையா?”

பழைய சாவி ஆணியில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.

புதுச் சாவி கொஞ்சம் யோசித்தது. பிறகு சொன்னது:

“அவன் வெளியே காத்திருந்தான் அண்ணே. நான் வீட்டுக்குள்ளதானே காத்திருக்கேன்.”